பொலித்திகா: ஒரு பத்திரிகை ஏஜென்டின் பார்வையில்

1957 பிப்ரவரி 27, புதன்கிழமை. வார்சாவில் 'பொலித்திகா' என்ற வாரப் பத்திரிகையின் முதல் இதழ் வந்தது. போலந்தை ஆண்டுகொண்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சி தானே முடிவெடுத்துத் தொடங்கிய பத்திரிகை. அதற்கு ஐந்து வாரம் கழித்து, ஏப்ரல் 5ஆம் தேதி, திருவனந்தபுரத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் ஈ.எம்.எஸ். முதலமைச்சராகப் பதவியேற்றார். இங்கே ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ஆட்சி. அங்கே சோவியத் படை வந்தபின் உட்கார்ந்த ஆட்சி. இங்கே உள்ள ஆட்சியை 1959 ஜூலை 31 அன்று டெல்லி கலைத்துவிட்டது. அங்கே உள்ளது 1989 வரை இருந்தது. பொலித்திகா இன்றைக்கும் வாராவாரம் வந்துகொண்டிருக்கிறது.

இதை எழுதுகிற நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பத்திரிகை ஏஜென்ட். அப்பா காலத்துக் கடை. கோயமுத்தூரில் அச்சாகிற தமிழ்ப் பத்திரிகைக் கட்டு வேலந்தாவளம் செக்போஸ்ட் வழியாக விடிவதற்குள் வந்து இறங்கும். மலையாளக் கட்டு பாலக்காட்டிலிருந்து வரும். இரண்டையும் பிரித்து, இணைப்பைச் சொருகி, பையன்களிடம் கொடுத்து அனுப்பிவிட்டு டீ குடிக்கிறபோது மணி ஆறரை ஆகிவிடும். தமிழ் பேசுகிற ஜனங்கள் நிறைய இருக்கிற கேரள ஊர் இது. ஒரே வீட்டில் தாத்தாவுக்குத் தமிழ்ப் பேப்பர், பேத்திக்கு மலையாளப் பேப்பர் என்று போடுகிற வீடுகள் என் நோட்டில் நிறைய உண்டு.

போலந்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றால், அக்கா மகன். எங்கள் பக்கத்துப் பையன்கள் இப்போது வளைகுடாவுக்குப் போகிற மாதிரியே போலந்துக்கும் போகிறார்கள். கிடங்கு வேலை, லாரி ஓட்டுகிற வேலை, சிலருக்குப் படிப்பு. அக்கா மகன் இருப்பது விரோத்ஸ்வாஃப் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில். போன முறை லீவுக்கு வந்தபோது சாக்லேட்டோடு ஒரு பத்திரிகையும் கொண்டுவந்தான். "மாமா, அங்க கடையில இத முன்னாடி அடுக்கி வெச்சிருந்தாங்க. உங்களுக்குப் புடிக்கும்னு ஒண்ணு வாங்கியாந்தனுங்க" என்றான்.

எனக்குப் பாஷை தெரியாது. ஆனால் ஒரு பத்திரிகையைக் கையில் எடுத்தால் அதன் பாஷை தெரியாமலே சில விஷயம் தெரியும். கனமாக இருந்தது, நூறு பக்கத்துக்கு ஒட்டி. எழுத்து நெருக்கமாக, படம் அளவாக. ஒரு கட்டுரை ஆரம்பித்தால் நாலைந்து பக்கம் ஓடுகிறது. நடிகை படம் தேடினேன், இல்லை. இப்படி ஒரு பத்திரிகையை ஒரு கடைக்காரர் முன் வரிசையில் அடுக்குகிறார் என்றால், அதை வாங்குகிறவர்கள் வேறு மாதிரி ஆட்கள் என்று அர்த்தம். அன்றிலிருந்துதான் இதன் கதையைத் தேடிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதிலிருந்து இங்கே கொஞ்சம்.

முதலில் 1956ஐச் சொல்லாமல் 1957 புரியாது. அந்த வருஷம் ஜூனில் பொஸ்னான் நகரத்துத் தொழிலாளிகள் கூலிக்காகத் தெருவில் இறங்கினார்கள். சுட்டார்கள், பல பேர் செத்தார்கள். அக்டோபரில், முன்பு கட்சியே சிறையில் போட்டிருந்த கொமுல்கா திரும்பவும் தலைவராக வந்தார். ஜனங்களுக்குப் பெரிய நம்பிக்கை. (எங்களுக்கும் அந்த மழைக்காலத்தில்தான் எல்லை மாறியது. எங்கள் சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்யத்து நிலம். பக்கத்துப் பாலக்காடு மலபார் ஜில்லாவில், சென்னை மாகாணத்தோடு. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் ஒரே கேரளத்துக்குள் வந்தன.)

அந்த நம்பிக்கைக் காலத்தில் போலந்து முழுக்கப் பறந்து விற்ற பத்திரிகை 'போ புரோஸ்து'. மாணவர்களும் இளம் அறிவாளிகளும் நடத்தியது. எதையும் நேராக எழுதினார்கள். கட்சிக்கு அது சீக்கிரமே தொண்டையில் சிக்கிய முள்ளாகிவிட்டது. அதன் குரலுக்கு எதிர்க்குரலாக, கட்சியின் கொள்கையை நிதானமாக விளக்குவதற்கென்று உண்டாக்கியதுதான் பொலித்திகா. முதல் ஆசிரியர் ஸ்தெஃபான் ஜோல்கியெவ்ஸ்கி, இலக்கிய ஆராய்ச்சியாளர். 1957 அக்டோபரில் போ புரோஸ்துவை மூடிவிட்டார்கள். வார்சாவில் மாணவர்கள் சில நாள் தெருவில் நின்று போராடினார்கள். போலீஸ் தடியடி நடத்திக் கலைத்தது.

ஆக, பொலித்திகா பிறக்கும்போதே அதன்மேல் ஒரு கறை இருந்தது. ஜனங்களுக்குப் பிடித்த பத்திரிகையை அமுக்க வந்த பத்திரிகை. வார்சாவில் அன்றைக்கு அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் எத்தனை பேர் மனசார வாங்கியிருப்பார்கள் என்று யோசிக்கிறேன். என் கடையிலும் கட்சி சொல்லி எடுக்கிற பத்திரிகை உண்டு, சங்கம் சொல்லி எடுக்கிற பத்திரிகை உண்டு. அவற்றில் சில மடிப்புப் பிரியாமல் பழைய பேப்பர்க்காரரிடம் போவதைப் பார்த்திருக்கிறேன். சந்தா எண்ணிக்கை வேறு, படிக்கிறவர் எண்ணிக்கை வேறு.

அப்படி ஆரம்பித்த ஒன்றை ஜனங்கள் தேடி வாங்குகிற பத்திரிகையாக மாற்றியது 1958இல் ஆசிரியரான மியெச்சிஸ்வாவ் ரகோவ்ஸ்கி. 1982 வரை அவர்தான் ஆசிரியர். கட்சிக்காரர், கட்சியின் மத்தியக் குழுவுக்குள் இருந்தவர். கட்சியை உள்ளிருந்தே திருத்தலாம் என்று நம்பியவர். அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு மரியாதையும் கோபமும் மாறி மாறி வந்தது. அந்தக் கோபத்துக்குக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அவர் செய்த நல்ல காரியம், எழுதத் தெரிந்தவர்களைக் கூட்டி வந்தது. ரிஷார்த் கபுஸ்சின்ஸ்கி ஐம்பதுகளின் கடைசியிலிருந்து சில வருஷம் அங்கே வேலை பார்த்தார். போலந்தின் மூலைமுடுக்கு ஊர்களுக்குப் போய், பெயர் தெரியாத மனிதர்களோடு உட்கார்ந்து எழுதிய அவருடைய கட்டுரைகள் அதில்தான் வந்தன. ஆப்பிரிக்காவில் நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலையாகிக்கொண்டிருந்த நேரம், அங்கிருந்தும் எழுதினார். பின்னால் உலகமே அவரைப் படித்தது. ஹன்னா க்ரால் 1969இல் சேர்ந்தார். யூதக் குடும்பத்துக் குழந்தை. யுத்தகாலத்தில் யார் யாரோ வீடுகளில் ஒளித்து வைத்ததால் பிழைத்தவர். அலங்காரம் இல்லாமல், சுருக்கமாக, ஆனால் படித்து முடித்தால் தூக்கம் வராத மாதிரி எழுதுகிறவர். டேனியல் பாசென்ட் ஐம்பதுகளின் முடிவில் சேர்ந்து வாரப்பத்தி எழுத ஆரம்பித்து, 2022 பிப்ரவரியில் சாகிற வரைக்கும் அதே பத்திரிகையின் ஆளாகவே இருந்தார். அறுபது வருஷத்துக்கு மேல்! ஒரு வாசகர் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பேரன் எடுக்கிற வரைக்கும் அந்தப் பக்கத்தில் ஒரே பெயர் இருந்திருக்கிறது. வாரப் பத்திரிகை வாசகர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வேண்டியது செய்தி மட்டுமில்லை, தெரிந்த ஆள் ஒருத்தர் வாராவாரம் வந்து பேசவேண்டும்.

சரி, கட்சிப் பத்திரிகையில் உண்மையை எப்படி எழுத முடிந்தது? முழுசாக முடியவில்லை. எந்தப் பத்திரிகையானாலும் அச்சுக்குப் போகுமுன் தணிக்கை அலுவலகம் பார்க்கவேண்டும். தலைமை அலுவலகம் வார்சாவில் மிசியா தெருவில். கல்யாணப் பத்திரிகை மாதிரி சின்ன அச்சு வேலைகூட அனுமதியின் கண்ணுக்குத் தப்பாத காலம். 1977இல் தோமாஷ் ஸ்த்ஷிஷெவ்ஸ்கி என்கிற தணிக்கையாளர், கிராகோவ் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், உள்ளே இருந்த உத்தரவுகளை எழுதி எடுத்துக்கொண்டு ஸ்வீடனுக்குப் போய்விட்டார். அவை லண்டனில் புத்தகமாக வந்தன. அதில் இருப்பதைப் படித்தால் ஆச்சரியம்தான். சோவியத் யூனியனுக்குப் போலந்து இறைச்சி விற்பதைப் பற்றி எழுதக்கூடாது. காத்தின் காட்டில் போலந்து அதிகாரிகளைக் கொன்றது சோவியத் என்று வாசகருக்குத் தோன்றுகிற மாதிரி எதுவும் வரக்கூடாது. இறைச்சிக்கு வரிசையில் நிற்கிற ஜனங்களிடம் இறைச்சியைப் பற்றிச் சொல்லாதே என்று அச்சடித்த உத்தரவு!

பொலித்திகாவின் வழி, எது வரைக்கும் போகலாமோ அந்தக் கோட்டின் விளிம்பு வரை போய் நிற்பது. ஒரு தொழிற்சாலையைப் பற்றி எழுதுவார்கள். நிர்வாகி, இயந்திரம், வீணாகிற சரக்கு, குடித்துவிட்டு வருகிற ஆள், வீடு கிடைக்காத இன்ஜினியர் எல்லாம் வரும். அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை வராது. படிக்கிறவர் தானே சேர்த்துப் புரிந்துகொள்வார். வாசகருக்கும் எழுதுகிறவருக்கும் நடுவில் அப்படி ஒரு உடன்பாடு வளர்ந்துவிட்டது.

இது நமக்கும் கொஞ்சம் தெரிந்ததுதான். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது, 28ஆம் தேதி இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் இருக்கவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அச்சடித்தது. அன்றைய பேப்பரை அப்பா ரொம்ப நாள் வைத்திருந்தார். அச்சுப் பிழை என்று ஒரு வாத்தியார் திருப்பிக்கொண்டு வந்ததாகவும், அப்பா குரலைத் தாழ்த்தி விளக்கியதாகவும் வீட்டில் சொல்வார்கள்.

போலந்தில் அந்த வெறுமைக்குச் சட்டமே இடம் கொடுத்தது, கொஞ்ச காலம். 1981 ஜூலை 31இல் வந்த தணிக்கைச் சட்டத்தின்படி, வெட்டிய இடத்தை வெட்டியது என்று காட்டலாம். அதை ஒழுங்காகப் பயன்படுத்தியது கிராகோவில் வருகிற கத்தோலிக்க வாரப் பத்திரிகை 'திகோத்னிக் போவ்ஷெக்னி'. வாக்கியத்துக்கு நடுவில் அடைப்புக்குறி, அதற்குள் வரிசையாகக் கோடுகள், பக்கத்தில் சட்டத்தின் பெயரும் தேதியும். வாசகர் அந்தக் கோட்டின் நீளத்தைப் பார்த்து எவ்வளவு போயிற்று என்று கணக்குப் போடுவாராம்.

இந்தக் கிராகோவ் பத்திரிகையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1945 மார்ச்சில் தொடங்கியது. ஆசிரியர் யெர்சி துரோவிச். 1953இல் ஸ்டாலின் செத்தபோது எல்லாப் பத்திரிகையும் கறுப்புக் கட்டம் போட்டு அஞ்சலி வெளியிட்டது. இவர்கள் போட மறுத்தார்கள். பத்திரிகையைப் பிடுங்கி, அரசுக்கு இணக்கமான இன்னொரு கத்தோலிக்கக் கோஷ்டியிடம் கொடுத்துவிட்டார்கள். அதே பெயர், அதே தலைப்பு எழுத்து, ஆள் மட்டும் வேறு. 1956 டிசம்பரில்தான் துரோவிச்சின் கைக்குத் திரும்பி வந்தது. அந்த மூன்று வருஷம் கடையில் நின்று அந்தப் பத்திரிகையைப் பார்த்தவர்களை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. பெயரை நம்பித்தான் வாசகர் காசு கொடுக்கிறார். அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டால்? பின்னால் போப் ஜான் பால் ஆன கரோல் வொய்த்திவா இளம் பாதிரியாராக இருந்தபோது எழுதிய பத்திரிகை இது. கவிதைகளைப் புனைபெயரில் எழுதினார்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். இதில்தான் எனக்குப் பேச ஆசை.

அந்தக் காலத்துப் போலந்தில் பத்திரிகை விற்பது 'ரூஹ்' என்கிற அமைப்பின் கியோஸ்க்குகள். தெருமுனைக்குத் தெருமுனை சின்னப் பெட்டிக்கடை. உள்ளே பெரும்பாலும் ஒரு அம்மா. சிகரெட், சோப்பு, பஸ் டிக்கெட், பத்திரிகை. எந்தப் பத்திரிகை எத்தனை பிரதி அச்சாகும் என்பதை முடிவு செய்தது வாங்குகிறவர்கள் இல்லை, காகித ஒதுக்கீடு. கட்சிக்கு வேண்டியதற்குக் காகிதம் தாராளம். மற்றதற்கு அளந்து கொடுப்பார்கள். அதனால் ஜனங்கள் விரும்புகிற வாரப் பத்திரிகைகள் வந்த அன்றைக்கே தீர்ந்துவிடும். அப்புறம் என்ன செய்வார்கள்? கியோஸ்க் அம்மா வழக்கமான வாடிக்கைக்காரர்களுக்கு ஆளுக்கொரு அட்டைக் கோப்பு வைத்திருப்பார். மேலே பெயர். கட்டு வந்ததும் அவரவர் பத்திரிகையை அவரவர் கோப்பில் எடுத்து வைத்துவிடுவார். சாயங்காலம் வேலை முடிந்து வந்து வாங்கிக்கொள்ளலாம். அப்படி ஒரு கோப்பு கிடைப்பதற்கே அந்த அம்மாவின் தயவு வேண்டும்.

இதைப் படித்தபோது நான் உடனே எழுந்து கடையின் உள் அலமாரியைப் பார்த்தேன். அப்பா வைத்திருந்த ஏற்பாடு அப்படியே. ஒவ்வொரு வாரப் பத்திரிகையின் வலது மேல் மூலையிலும் பென்சிலால் வீட்டுப் பெயர் எழுதுவார், சின்ன எழுத்தில், அட்டைப் படத்தில் விழாமல். தமிழ் வீட்டுக்குத் தமிழில், மலையாள வீட்டுக்கு மலையாளத்தில். பேனாவால் எழுதமாட்டார், வாங்க வராவிட்டால் அழித்துவிட்டு ரிட்டர்ன் கட்டில் சேர்க்கவேண்டுமே. இன்றைக்கும் நான் அதைத்தான் செய்கிறேன். 'இந்த வாரம் வந்துருச்சுங்களா?' என்று கேட்டபடி கடை வாசலில் வந்து நிற்கிறவரிடம், பெயர் எழுதிய பிரதியை எடுத்து நீட்டும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி வரும். வார்சாவில் அந்த அம்மாவும் அதைப் பார்த்திருப்பார்.

காகிதம் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதற்கு ஒரு சம்பவம். 1964 மார்ச்சில் கவிஞர் அந்தோனி ஸ்வோனிம்ஸ்கி முன்னெடுத்து, 34 எழுத்தாளர்களும் அறிஞர்களும் பிரதமருக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். இரண்டே வாக்கியம். புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் காகிதத்தைக் குறைப்பதும் தணிக்கையை இறுக்குவதும் நாட்டின் பண்பாட்டுக்கு ஆபத்து என்பதுதான் சாரம். கையெழுத்துப் போட்டவர்களில் துரோவிச்சும் ஒருவர். பதிலுக்கு அரசு செய்தது, அவர் பத்திரிகையின் பிரதிகளை இன்னும் குறைத்தது. காகிதத்தைக் குறைக்காதீர்கள் என்று கேட்டதற்குத் தண்டனை, காகிதக் குறைப்பு.

நம் நாட்டிலும் காகிதத்துக்குக் கோட்டா இருந்தது. பக்க எண்ணிக்கைக்கு அரசு வரம்பு வைத்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் அது பத்திரிகைச் சுதந்திரத்தைப் பாதிக்கிறது என்று தள்ளியது. போலந்துக்காரர்களுக்கு அப்படிப் போய் நிற்க ஒரு நீதிமன்றம் இல்லை. இந்த வித்தியாசத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

1968. அந்த வருஷம் மார்ச்சில் மாணவர் போராட்டத்தை அடக்கிய கையோடு கட்சிக்குள் ஒரு கோஷ்டி யூதர்களுக்கு எதிராகப் பிரசாரத்தைக் கிளப்பியது. வேலையை விட்டு நீக்கினார்கள், நாட்டை விட்டுத் துரத்தினார்கள். ஆயிரக்கணக்கான பேர் குடியுரிமையை விட்டுக்கொடுத்து ரயில் ஏறினார்கள். பெரும்பாலான பத்திரிகைகள் அந்தக் கூச்சலில் சேர்ந்தன. பொலித்திகா சேரவில்லை. எதிர்த்து முழங்கவும் இல்லை, அது முடியாது. ஆனால் அந்த வசனத்தை அச்சடிக்க மறுத்தது. ரகோவ்ஸ்கிமேல் எனக்கு மரியாதை என்று சொன்னது இதற்காக. எல்லோரும் கத்துகிறபோது சும்மா இருப்பதற்கும் முதுகெலும்பு வேண்டும்.

கோபம் 1981ஐப் பற்றியது. 1980 ஆகஸ்டில் கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம், சாலிடாரிட்டி தொழிற்சங்கம் பிறந்தது. 1981 ஏப்ரலில் சங்கமே ஒரு வாரப் பத்திரிகை தொடங்கியது: 'திகோத்னிக் சாலிதார்நோஷ்ச்', ஆசிரியர் ததேயுஷ் மசோவியெத்ஸ்கி, அச்சடித்தது 5 லட்சம் பிரதி. அதே 1981 பிப்ரவரியில் ரகோவ்ஸ்கி, புதுப் பிரதமர் யாருசெல்ஸ்கியின் அமைச்சரவையில் துணைப் பிரதமர் ஆகியிருந்தார். சங்கத்தோடு பேச வேண்டிய ஆள் அவர்தான். டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜனங்கள் எழுந்தபோது ராணுவச் சட்டம். தெருவில் டாங்கி, போன் வேலை செய்யவில்லை, ஒருசில பத்திரிகை தவிர எல்லாம் நிறுத்தம். பொலித்திகாவும்தான். இருபது வருஷத்துக்கு மேல் வாசகரிடம் நியாயம் பேசிய ஆசிரியர், அந்த அரசாங்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சில வாரம் கழித்து, 1982இல், பொலித்திகா திரும்ப வெளிவர அனுமதி கிடைத்தது. அப்போது அலுவலகம் இரண்டாகப் பிரிந்தது. ஹன்னா க்ரால், தாரியுஷ் ஃபிகுஸ் உட்படப் பலர் வேலையை விட்டுவிட்டார்கள். டாங்கி நிற்கிற ஊரில் இப்படியொரு பத்திரிகையில் எழுதமாட்டோம் என்பது அவர்கள் முடிவு. பாசென்ட் போன்றவர்கள் இருந்தார்கள். பத்திரிகை செத்தால் கொஞ்சநஞ்சம் சொல்ல முடிந்ததும் போய்விடும் என்பது இவர்கள் வாதம். ரகோவ்ஸ்கி ஆசிரியர் நாற்காலியை விட்டார். யான் பீயாக் வந்தார்.

என் மனது வேலையை விட்டுப் போனவர்கள் பக்கம். சம்பளம் போயிற்று, எழுத இடம் போயிற்று, தெரிந்தேதான் போனார்கள். ஆனால் இருந்தவர்களை நான் துரோகி என்று சொல்லமாட்டேன். அந்த இருட்டு வருஷங்களில் சின்ன ஊர் ஒன்றில் பொலித்திகாவை மட்டுமே நம்பியிருந்த பள்ளிக்கூட வாத்தியார் யாராவது இருந்திருப்பார். அவருக்கு அது வந்துகொண்டிருந்தது.

போனவர்களும் சும்மா இருக்கவில்லை. போலந்து முழுக்க ரகசியப் பத்திரிகைகள் முளைத்தன. அதில் பெரியது 'திகோத்னிக் மசோவ்ஷே', 1982 பிப்ரவரியிலிருந்து வாரப் பத்திரிகை. நடத்தியவர்களில் முக்கியமானவர்கள் பெண்கள்: ஹெலேனா வுச்சிவோ, யோவான்னா ஷ்சென்ஸ்னா. போலீஸ் தேடுவது மீசை வைத்த தொழிற்சங்கத் தலைவர்களை. சந்தைக்குப் பை தூக்கிப் போகிற பெண்களை யார் பார்ப்பார்கள்? ஒரே இதழைப் பல ரகசிய அச்சுக்கூடங்களில் பிரித்து அச்சடித்து, கைமாற்றிக் கைமாற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மொத்தம் 290 இதழ். ஏஜென்ட் இல்லை, பில் இல்லை, ரிட்டர்ன் இல்லை; பிடிபட்டால் ஜெயில். ஏழு வருஷம் நிற்காமல் வாரப் பத்திரிகை போடுவது என்றால் என்ன என்பது, ஒரு மழை நாளில் கட்டு வர இரண்டு மணி நேரம் தாமதமானாலே திணறுகிற எனக்கு நன்றாகத் தெரியும்.

1988 செப்டம்பரில் ரகோவ்ஸ்கி பிரதமரானார். 1989 ஜூன் 4 தேர்தலில் போட்டியாளரே இல்லாத தேசியப் பட்டியலில் நின்றும் தோற்றார். ஜனங்கள் பெயரை அடித்துவிட்டார்கள். ஆகஸ்டில் அவர் விலக, நடுவில் சில நாள் உள்துறை அமைச்சர் கிஷ்சாக் முயன்று பார்த்துக் கைவிட, பிரதமராக வந்தவர் மசோவியெத்ஸ்கி. அதாவது ஒரு வாரப் பத்திரிகையின் பழைய ஆசிரியர் இறங்கிய இடத்துக்கு இன்னொரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர் வந்தார். பத்திரிகைக்குச் செல்வாக்கு என்று பேசுகிறோமே, இதைவிட என்ன வேண்டும்? (நம் பக்கத்திலும் பத்திரிகை வழியாக அரசியலுக்கு வந்தவர்கள் குறைவில்லை. தேசாபிமானியே 1942இல் கோழிக்கோட்டில் வாரப் பத்திரிகையாகத்தான் தொடங்கியது.)

கட்சியின் தலைமைப் பதவியான முதல் செயலாளர் பதவியில் கடைசியாக இருந்தவரும் ரகோவ்ஸ்கிதான். 1990 ஜனவரி கடைசியில் மாநாட்டில் கட்சியின் கொடியை வெளியே கொண்டுபோகச் சொல்லிக் கட்சியை முடித்துவைத்தார். தன் பத்திரிகையைப் பெற்ற கட்சிக்கு அவரே கொள்ளி வைக்கவேண்டி வந்தது. பத்து பாகம் நாட்குறிப்பு வெளியிட்டுவிட்டு 2008இல் இறந்தார்.

கட்சி போனால் பத்திரிகை என்ன ஆகும்? 1990 மார்ச்சில் சட்டம் போட்டு, கட்சியின் பெரிய பத்திரிகை நிறுவனத்தைக் கலைத்தார்கள். நூற்றுக்கணக்கான பத்திரிகைகள். நிறைய வெளிநாட்டு முதலாளிகள் கைக்குப் போயின, பல மூடப்பட்டன. பொலித்திகாவில் எழுதுகிறவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து பத்திரிகையைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது. பால் சொசைட்டி, கூட்டுறவு பேங்க் எல்லாம் பார்த்து வளர்ந்த ஊர்க்காரன் நான். கூட்டுறவு என்றால் கணக்கில் குளறுபடி, கூட்டத்தில் சண்டை, அதையும் மீறி நிற்பது என்று தெரியும். ஆசிரியர்களும் நிருபர்களும் தங்கள் பத்திரிகைக்குத் தாங்களே முதலாளி. விற்றால் சம்பளம், விற்காவிட்டால் இல்லை.

இதற்கு எதிர்மாதிரி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். நல்லபடி போய்க்கொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகை கைமாறியது. புது முதலாளிக்கு வேறு வியாபாரங்கள். ஒரு வாரம் கட்டு வரவில்லை, மறு வாரமும் வரவில்லை. போன் எடுக்க ஆள் இல்லை. வருஷச் சந்தா கட்டியிருந்தவர்களுக்கு நான் கைக்காசைக் கொடுத்தேன். அதில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கே சேதி எங்கள் மூலமாகத்தான் தெரிந்தது. எழுதுகிறவர்களுக்கு அதில் பங்கு இருந்திருந்தால் அப்படி ஒரு வாரத்தில் அணைந்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

1994இல் யெர்சி பச்சின்ஸ்கி ஆசிரியரானார். மறு வருஷம் செய்தித்தாள் மாதிரி இருந்த பெரிய தாளைக் கைவிட்டு, இன்றைக்குக் கையில் இருக்கிற வண்ண இதழ் அளவுக்கு மாறினார்கள். பழைய வாசகர்கள் அளவு மாறினால் எப்படிக் கோபப்படுவார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த மாற்றம் இல்லாமல் அடுத்த பத்து வருஷத்தைத் தாண்டியிருக்க முடியாது. போட்டி அப்படி. பொஸ்னானில் 1982இல் வட்டார இதழாகத் தொடங்கிய 'விபுரோஸ்த்' நாடு முழுக்க வளர்ந்திருந்தது. 2001இல் ஜெர்மன் நிறுவனம் நியூஸ்வீக்கின் போலந்துப் பதிப்பைக் கொண்டுவந்தது. 2014 ஜூனில் விபுரோஸ்த், வார்சா ஓட்டல்களில் அமைச்சர்கள் பேசியதைச் சர்வர்கள் ஒளித்துவைத்துப் பதிவு செய்த ஒலிநாடாக்களை அச்சில் ஏற்றி அரசாங்கத்தையே ஆட்டியது. அதிகாரிகள் அலுவலகத்துக்குள் நுழைந்து ஆசிரியரின் லேப்டாப்பைப் பிடுங்கப் பார்த்ததை நாடே டிவியில் பார்த்தது. மறு வருஷத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். அப்படி ஒரு இதழ் கடைக்கு வந்தால் காலை ஒன்பதுக்குள் கட்டு காலியாகும். ஆனால் அந்த விற்பனை அந்த வாரத்தோடு சரி. அடுத்த வாரம் வாசகர் வருவது வேறு காரணத்துக்கு.

பொலித்திகா பிடித்தது அந்த வேறு காரணத்தை. 1993இலிருந்து வருஷாவருஷம் இளம் எழுத்தாளர், இயக்குநர், ஓவியர், இசைக்காரர்களுக்கு 'பாஸ்போர்ட்' என்ற பெயரில் ஒரு விருது கொடுக்கிறார்கள். அதற்கு முன்பே, 1959 முதல் நல்ல வரலாற்றுப் புத்தகங்களுக்குப் பரிசு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இளம் விஞ்ஞானிகளுக்கு உதவித்தொகை. திட்டத்தின் பெயரே 'எங்களோடு இருங்கள்'. படித்த பிள்ளைகள் நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஒரு வாரப் பத்திரிகை அப்படிக் கேட்டிருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேலை தேடி அதே நாட்டுக்குப் போகிற இந்த நாளில் அந்தப் பெயரைப் படித்தால் மனசு ஒரு மாதிரி ஆகிறது.

1996க்கான அந்தப் பாஸ்போர்ட் விருதை வாங்கிய எழுத்தாளருக்கு அப்போது முப்பத்து நாலு வயது, ஓல்கா டோகார்ச்சுக். 2019 அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள், 2018க்கு உரியது. இத்தனை வருஷம் முன்னால் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். புத்தக விமரிசனப் பக்கத்துக்கு இடம் ஒதுக்கி, அதில் நல்ல ஆட்களை உட்கார வைத்தால் இது நடக்கும். நம்முடைய வாரப் பத்திரிகைகளிலும் ஒரு காலத்தில் அந்தப் பக்கங்கள் இருந்தன.

இப்போது அக்கா மகனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அங்கே பழைய புத்தகக் கடைகளில் பழைய வாரப் பத்திரிகைகளும் கிடைக்குமாம். பெரிய தாளில் வந்த காலத்துப் பொலித்திகா ஒன்று, கோடு போட்ட அடைப்புக்குறிகள் இருக்கிற கிராகோவ் இதழ் ஒன்று, இரண்டும் வேண்டும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது வார்சாவிலோ கிராகோவிலோ இருந்தால் நீங்களும் பாருங்கள். 1981, 82 இதழ்கள் என்றால் ரொம்ப நல்லது. மடிக்காமல் கொண்டுவாருங்கள், விலை என்னவோ அதைக் கொடுத்துவிடுகிறேன்.